பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் உனக்கு

கண்ணு, பிள்ளைக்கு இரண்டு வயது நிரம்பப் போகிறது, கம்பெனியில் திரும்பக் கூப்பிடுகிறார்கள், எங்கே விடுவதென்று தெரியவில்லை பெரியம்மா என்று கேட்டிருந்தாய். ஆம்பூரைச் சுற்றியுள்ள ஊர்களில் பால்வாடி டீச்சராகவே என் காலம் கழிந்தது. பிள்ளையைக் கொண்டுவந்து விடும் தாய்மாரை வாசலின் உள்பக்கம் நின்று பார்த்தவள் நான். தாய் கட்டிடத்தைப் பார்த்து முடிவு செய்கிறாள்; பிள்ளையோ அங்கே ஒரு மனுஷியோடு பொழுதைக் கழிக்கிறது. நான் சொல்லப்போவது எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைப் பற்றித்தான்.

1. முதலில் மனசில் இருக்கும் குற்ற உணர்ச்சியை இறக்கி வை. உன் பாட்டி காலத்தில் தோல் வேலை பெரும்பாலும் ஆண்களுடையது. 1970-களில் அரைப்பதத் தோலை அப்படியே கப்பலேற்றுவதற்கு அரசாங்கம் கட்டுப்பாடு போட்டது. முடித்த தோலாகவும் ஷூவாகவும் அனுப்பச் சொன்னது. ஷூ கம்பெனிகள் பெருகின, தையல் மெஷினுக்குப் பெண்கள் தேவைப்பட்டார்கள். மாதனூர், பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் காலையில் கம்பெனி பஸ் வர ஆரம்பித்தது. அப்படி முதலில் போன பெண்களுக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டுத் திண்ணையில் ஒரு கிழவி இருந்தாள். உனக்கு அதுவும் இல்லை. உன் மாமியாரே இன்னும் ஸ்டிச்சிங்கில் உட்கார்ந்திருக்கிறாள், பி.எஃப். முழுசாகக் கைக்கு வரும்வரை எழுந்திருக்கமாட்டாள். அவளையும் குறை சொல்லாதே, உன்னையும் நொந்துகொள்ளாதே. அழுதுகொண்டே இடம் தேடுகிறவள் முதலில் திறந்த கதவுக்குள் நுழைந்துவிடுவாள். அப்படி நுழைந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

2. ஆயாவைப் பார். மேடத்தைப் பார்க்காதே என்று சொல்லவில்லை. மேடம் உன்னோடு பேசுவதற்கு இருக்கிறவர், உன் பிள்ளையோடு இருக்கப்போகிறவள் ஆயா. சுவரில் யானையும் ஏபிசிடியும் வரைய இரண்டு நாள் போதும். மூக்கு ஒழுகும் பிள்ளையை முகம் சுளிக்காமல் துடைக்கிற கை அப்படிச் சட்டென்று கிடைக்காது. எங்கள் மையத்தில் ஓர் ஆயா இருந்தாள். கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைக்கிறவள். உட்கார்ந்த இடத்திலேயே ஒரு பிள்ளை ஒன்றுக்குப் போய்விட்டால், மற்ற பிள்ளைகள் கவனிப்பதற்குள் செம்புத் தண்ணீரைப் பக்கத்தில் சாய்த்துவிடுவாள். "அய்யய்யோ, நான் தண்ணியைக் கொட்டிட்டேனே, எல்லாரும் நகருங்க" என்று அவளே சத்தம் போடுவாள். நனைந்த பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விடுவாள். யாரும் சிரிக்க மாட்டார்கள், சிரிக்க எதுவும் நடக்கவில்லையே. எந்தப் பயிற்சியிலும் இதை எனக்குச் சொல்லித் தரவில்லை. அப்படி ஒருத்தி இருக்கிற இடத்தில் ஓடு உடைந்திருந்தாலும் பிள்ளையை விடு.

அவளைப் பற்றி மூன்று கேள்வி கேள். இங்கே எத்தனை காலமாக இருக்கிறாள்? அவள் ஒருத்தி கையில் எத்தனை பிள்ளைகள்? மாதச் சம்பளம் ஒழுங்காக வருகிறதா? மூன்றாவதை மேடத்திடம் கேட்காதே, ஆயாவிடமே கேள், வாசலில் தனியாக நிற்கும்போது. மாதத்துக்கு ஓர் ஆயா மாறுகிற இடத்தில் பிள்ளை மாதத்துக்கு ஒரு தாயை இழக்கிறது.

3. சேர்க்கை நேரத்தில் போய்ப் பார்க்காதே. அன்றைக்கு எல்லாரும் சிரித்த முகமாகத்தான் இருப்பார்கள். மதியம் சாப்பாடு ஊட்டும் நேரத்தில் போ, இல்லையென்றால் தூங்கி எழுந்து சிணுங்கும் நேரத்தில் போ. சொல்லாமல் வந்ததற்கு முகம் கறுத்தால், உள்ளே விடாமல் ஆபீஸ் அறையிலேயே உட்காரவைத்தால், அதற்குமேல் நீ எதையும் பார்க்க வேண்டியதில்லை.

4. பால்வாடி என்றால் இளக்காரமாகப் பார்க்காதே. மாமனார் வீட்டில் "நம்ம பிள்ளை அங்கேயா?" என்பார்கள். அந்த இடத்தின் பின்னால் பெரிய யோசனை இருக்கிறது. 1970-களின் தொடக்கத்தில் பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகளைப் பற்றி ஆராய மினா சுவாமிநாதன் தலைமையில் ஒரு குழு வேலை செய்தது. சாப்பாடு, மருத்துவம், விளையாட்டு மூன்றும் ஒரே இடத்தில் ஏழைப் பிள்ளைக்குக் கிடைக்கவேண்டும் என்ற எண்ணம் அதிலிருந்து வலுப்பட்டது. 1975 அக்டோபர் 2-ல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு இரண்டு வயதுப் பிள்ளையும் தட்டோடு உட்கார்ந்தது. இன்றைக்கும் சூடான சாப்பாடு உண்டு, முட்டை உண்டு, சத்துமாவு உண்டு, மாதாமாதம் எடை பார்ப்பது உண்டு. மாதம் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுக்கிற இடங்களில், உன் பிள்ளை எடை கூடியிருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

அதற்காக எல்லா அங்கன்வாடியும் உசத்தி என்று சொல்ல வரவில்லை; அங்கேயே இருந்தவள் நான். சில இடங்களில் சுற்றுச்சுவர் இருக்காது. சில இடங்களில் டீச்சர் பாவம், பதிவேடும் செல்போன் செயலியும் பார்க்கவே பொழுது போய்விடும். அங்கேயும் இரண்டாவதாகச் சொன்னதையே பார்: ஆயா யார்?

5. நடுவில் விழும் அந்த இரண்டு மணி நேரத்தைக் கணக்குப் போடு. பால்வாடி மூன்று நான்கு மணிக்கெல்லாம் முடிந்துவிடும். ப்ளே ஸ்கூல் பலதும் மதியமே மூடிவிடும். உன் பஸ் வந்து நிற்கும்போது இருட்ட ஆரம்பித்திருக்கும். ஓவர்டைம் என்றால் இருட்டியே போயிருக்கும். தாய்மார் காலைக்கு இடம் பார்க்கிறார்கள், சாயங்காலத்தை யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடுகிறார்கள். பிள்ளைக்கு அடிபடுவதும் அசம்பாவிதம் நடப்பதும் பெரும்பாலும் அந்த 'யாராவது' நேரத்தில்தான். பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்கிறாள் என்றால் அதை உதவி என்று நினைக்காதே, வேலை என்று நினைத்து மாதாமாதம் காசு கொடு. காசு கொடுத்தால்தான் கேள்வி கேட்க உனக்கு வாய் வரும். அந்த வீட்டில் அந்நேரம் வேறு யார் யார் வந்துபோகிறார்கள் என்று கேட்கக் கூச்சப்படாதே. ஆண்பிள்ளைக்கும் இதைக் கேள்.

கம்பெனிக்குள்ளேயே குழந்தைகள் காப்பகம் இருந்தால் அதை முதலில் போய்ப் பார். முதலாளி மனசு வைத்துத் தருகிற சலுகை என்று நினைக்கிறார்கள் பலர். ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அறை ஒதுக்கவேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே எழுதிவைத்தது. 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது, ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்றும் சேர்த்தார்கள். காப்பகம் என்று பலகை மாட்டி உள்ளே அட்டைப்பெட்டி அடுக்கிவைத்த கதையும் நமக்குத் தெரியும். கேள். ஒருத்தியாகக் கேட்டால் அது தொந்தரவு, இருபது பேராகக் கேட்டால் அது கோரிக்கை. லைனில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற கர்ப்பிணிப் பெண் யாரென்று பார். அடுத்த வருஷம் அவளுக்கும் இதே கவலை.

6. நீ நின்று பார்க்காதே. குந்தி உட்கார்ந்து பிள்ளையின் கண் உயரத்திலிருந்து பார். ஸ்விட்ச் போர்டு எந்த உயரத்தில் இருக்கிறது, கேட்டின் தாழ்ப்பாள் பிள்ளைக்கு எட்டுமா, சமையல் எங்கே நடக்கிறது, மாடிப்படிக்குக் கதவு இருக்கிறதா என்பதெல்லாம் அங்கிருந்துதான் தெரியும். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று ஒரு பள்ளியின் சமையல் கூடத்தில் பிடித்த தீ கூரைக்கு ஏறி, 94 பிள்ளைகள் போனார்கள். அன்றைக்கு வானொலியில் கேட்டுவிட்டு எங்கள் ஆயாவும் நானும் அடுப்பை இன்னும் தள்ளிப் போட்டோம். சாயங்காலம் வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை. தீ மட்டும் என்று நினைக்காதே. 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் எல்.கே.ஜி. படித்த குழந்தை பள்ளிக் கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து இறந்தது. எங்கே போனாலும் பின்பக்கம் போய்த் தொட்டி மூடியை உன் காலால் மிதித்துப் பார். அசைந்தால் அங்கேயே வாயைத் திறந்து சொல். "சரி பண்ணிடுவோம்மா" என்றால், சரிபண்ணினபிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடு.

நம் ஊருக்கென்று இன்னும் இரண்டு ஆபத்து உண்டு. ஷூ ஒட்டும் சொல்யூஷன் டப்பா அடுக்கிய கோடவுன், தோல் துண்டு குவித்த கொட்டகை எல்லாம் குடியிருப்புக்குள்ளேயே இருக்கும். பகலில் ஜன்னல் திறந்தால் பசை வாடை வருகிற அறையில் பிள்ளையைத் தூங்கவிடாதே. உனக்கு அந்த வாடை பழகிப்போயிருக்கும், அதனால் ஊரிலிருந்து வந்த யாரையாவது கூட்டிக்கொண்டு போ. இன்னொன்று நீல டிரம். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தண்ணீர் பிடித்துவைக்க அது இல்லாத இடம் குறைவு. அந்த டிரம் முதன்முதலில் எதைச் சுமந்துகொண்டு இங்கே வந்தது என்று கேள். எத்தனை முறை கழுவினாலும் கெமிக்கல் டிரம்மில் குடிதண்ணீர் வைக்கக்கூடாது. மூடியில்லாத டிரம்மோ, காலித் தொட்டியோ, குட்டிப் பிள்ளைக்குக் கிணறுதான்.

வேனில் அனுப்புவதாக இருந்தால், 2012 ஜூலையில் தாம்பரம் பக்கத்தில் நடந்ததை மறக்காதே. பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே இரண்டாம் வகுப்புச் சிறுமி விழுந்து இறந்தாள். அதற்குப் பிறகே பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. இரண்டு மூன்று வயதில் வேனே வேண்டாம் என்பேன் நான். நடந்துபோகிற தூரத்தில் சுமாரான இடம், வேனில் போகிற பெரிய இடத்தைவிட மேல்.

7. தண்ணீர், கக்கூஸ், கை கழுவும் சோப்பு. பாலாற்றங்கரையில் பிறந்த உனக்குத் தண்ணீரைப் பற்றி நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. டேனரிக் கழிவு பற்றி 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன வழக்கு நம்முடையது. ஆனால் பிள்ளைக்கு வருகிற ஆபத்து ஆற்றைவிடப் பக்கத்தில் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2002-லிருந்து, நகரத்தின் நெருக்கடியான குடியிருப்புகளில் பிறந்த குழந்தைகளை மூன்று வயது வரை வீடு தேடிப் போய்த் தொடர்ந்து பார்த்தார்கள். ககன்தீப் காங் என்ற அம்மையார் அந்த வேலையில் முன்னின்றவர். ஆறு மாதம் முடிவதற்குள்ளேயே பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு ரோட்டா வைரஸ் தொற்றிவிடுகிறது என்று கண்டார்கள். பேதியை உண்டாக்குகிற கிருமி அது. 2017-லிருந்து தமிழ்நாட்டில் அதற்கான சொட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. உன் பிள்ளையின் தடுப்பூசி அட்டையில் அது இருக்கிறதா என்று பார். பத்துப் பிள்ளைகள் ஒரே பக்கெட்டில் கை அலம்புகிற இடத்தில் ஒன்றுக்குப் பேதி என்றால் பத்துக்கும் பேதி. ஆயா துணி மாற்றிய கையோடு சோறு பிசைகிறாளா, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பிசைகிறாளா என்று ஒரு முறை நின்று பார்த்துவிட்டு வா.

8. எழுத்துக்கு அவசரப்படாதே. "மூணு வயசில் ஒன்று முதல் நூறு வரை எழுதுவான்" என்று ஒரு பள்ளி பெருமையடித்தால் அங்கிருந்து நகர்ந்துவிடு. உன் தாத்தா சொல்வார்: ஆவாரம்பட்டைத் தொட்டியில் ஊறவேண்டிய நாளுக்கு முன்னே எடுத்த தோல் பார்வைக்குப் பளபளவென்றுதான் இருக்கும், மடக்கினால் வெடிக்கும். விரல் பலப்படாத பிள்ளை கையில் பென்சிலைத் திணிப்பதும் அதே கதை. மணலை அளையட்டும், அவரைக்கொட்டையை ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றட்டும், பட்டனைப் போட்டுக் கழற்றட்டும். மாண்டிசோரி அம்மையார் 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து, யுத்தத்தால் இந்தியாவிலேயே தங்கி, கொடைக்கானலில் இருந்துகொண்டும் ஆசிரியர்களுக்குச் சொல்லித் தந்தார். கையால் செய்யும் வேலைதான் பிள்ளையின் படிப்பு என்பது அவர் வழி. இன்றைக்கு அவர் பெயரைப் பலகையில் போட்டுவிட்டு உள்ளே மூன்று வயதுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கிற இடம் தெருவுக்கு ஒன்று. பலகையைப் படித்துவிட்டு உள்ளே பார்: பிள்ளைகள் தரையில் இருக்கிறார்களா, பெஞ்சில் இருக்கிறார்களா?

9. வீட்டில் உருதோ தெலுங்கோ தமிழோ, எது பேசுகிறீர்களோ அதை நிறுத்தாதே. "வீட்டிலும் இங்கிலீஷே பேசுங்க" என்று சொல்கிற டீச்சருக்குத் தலையாட்டிவிட்டு வந்து உன் பாஷையிலேயே பேசு. எங்கள் மையத்தில் "பானீ" என்று கேட்கிற பிள்ளையும் "நீள்ளு" என்று கேட்கிற பிள்ளையும் ஒரே வாரத்தில் "தண்ணி" என்று கேட்கும். அதைவிட வேகமாக மற்ற பிள்ளைகள் "பானீ" கற்றுக்கொள்ளும். நீ பார்க்கவேண்டியது ஒன்றுதான். வயிறு வலிக்கிறது என்று பிள்ளை தன் பாஷையில் சொன்னால் அங்கே ஒருத்திக்காவது புரியுமா?

10. ஒளிந்து போகாதே. பொம்மையைக் காட்டிவிட்டு, பிள்ளை திரும்பின நேரத்தில் நழுவிவிடச் சொல்லித் தருவார்கள். அன்றைக்கு அழுகை குறையும். அடுத்த ஒரு மாதம் வீட்டில் நீ குளிக்கப் போனாலும் கதவில் நின்று அழும். "அம்மா வேலைக்குப் போறேன், பஸ் வந்ததும் வந்துடுவேன்" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போ. அது அழும், அழட்டும். உன் கண்ணில் தண்ணீர் வருவது அதற்குத் தெரிந்தாலும் பரவாயில்லை. சொன்ன நேரத்துக்கு வராமல் இருப்பதுதான் தப்பு. ஓவர்டைம் இருக்கிற நாளில் காலையிலேயே "இன்னைக்குப் பக்கத்து வீட்டு அக்காதான் வருவா" என்று உண்மையைச் சொல். இரண்டு வயதுக்கு மணி தெரியாது, வார்த்தை தெரியும்.

11. நீயும் நல்ல தாயாக மட்டும் இருந்தால் போதாது, நல்ல வாடிக்கையாகவும் இருக்கவேண்டும். இரவெல்லாம் காய்ச்சல் அடித்த பிள்ளைக்குக் காலையில் மருந்தை ஊட்டி, உடம்பு சில்லென்று இருக்கும்போதே விட்டுவிட்டு ஓடுகிற தாய்மார் உண்டு. லீவு போட்டால் அட்டெண்டன்ஸ் போனஸ் போய்விடும் என்பது எனக்கும் தெரியும். மருந்தின் வேகம் இறங்கும்போது அந்தக் காய்ச்சல் ஆயாவின் மடியில்தான் ஏறும், அவளுக்கு எதுவும் தெரியாது. போகாமல் முடியாது என்றால் உள்ளதைச் சொல்லிவிட்டுப் போ. ஃபீஸைத் தேதியில் கொடு. ஆயாவைப் பெயர் சொல்லி அதட்டாதே. அக்கா என்றோ அம்மா என்றோ கூப்பிடு. நீ அவளை எப்படிக் கூப்பிடுகிறாயோ அப்படியே உன் பிள்ளையும் நாளைக்குக் கூப்பிடும். கடிபட்டு வந்தால் உடனே சண்டைக்குக் கிளம்பாதே. இந்த வயதில் எல்லாம் கடிக்கும். அடுத்த வாரம் கடித்தது உன்னுடையதாக இருக்கும். ஆனால் கடிபட்டதை அவர்களாகவே உன்னிடம் சொன்னார்களா, நீ குளிப்பாட்டும்போது கண்டுபிடித்தாயா என்பதைக் கவனி.

12. முதல் பத்து நாள் அழுகைக்கு அசையாதே. பத்து நாளுக்குப் பிறகு பிள்ளையின் உடம்பு சொல்வதைக் கேள். சாப்பாட்டைத் தள்ளுகிறதா, தூக்கத்தில் உதறிக்கொள்கிறதா, வழக்கத்துக்கு மாறாக ஒன்றுக்குப் போகப் பயப்படுகிறதா, அந்தத் தெருமுனை வந்ததும் தோளை இறுக்கிக்கொள்கிறதா? எல்லாப் பிள்ளையும் வாசலில் அழும், நீ போனபின் விளையாடும். வீட்டுக்கு வந்தபிறகும் விளையாடாத பிள்ளைக்குத்தான் அங்கே ஏதோ சரியில்லை. அப்போது யாரிடமும் தீர்ப்புக் கேட்டுக்கொண்டு நிற்காதே. வருஷத்துக்கு முழுசாகக் கட்டியாயிற்றே, சீருடை தைத்தாயிற்றே, நடுவில் எடுத்தால் நாத்தனார் சிரிப்பாளே என்று இழுத்துக்கொண்டு போன தாய்மாரை எனக்குத் தெரியும். அதனால்தான் சேர்க்கும்போதே சொல்கிறேன்: முழு வருஷத்துப் பணத்தைக் கேட்டால் மாதாமாதம் கட்டுகிறேன் என்று பேசிப் பார், சீருடை முதல் மாதம் வேண்டாம் என்று சொல்லிப் பார். ஒத்துக்கொள்கிற இடம் தன் பேரில் நம்பிக்கை உள்ள இடம். எடுக்க வேண்டி வந்துவிட்டால் மேடத்திடம் நீண்ட விளக்கம் வேண்டாம். பையையும் தண்ணீர் பாட்டிலையும் வாங்கிக்கொள், ஆயா நல்லவளாக இருந்தால் அவளிடம் மட்டும் சொல்லிவிட்டு வா. அவள் வேறு எங்காவது வேலைக்குச் சேர்ந்தால் எங்கே என்று கேட்டு வைத்துக்கொள்.